ரூபன் வீட்டு மதர்போர்டு

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவனிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. டாக்டரிடம்கூடச் சொல்லிவிடுவார்கள். என்னிடம் மட்டும், "ஒண்ணுமே பண்ணலண்ணே, அதுவா நின்னுருச்சு" என்பார்கள். கழற்றிப் பார்த்தால் உள்ளே காப்பி காய்ந்துபோய்க் கிடக்கும். உத்தமபாளையத்தில் கடை போட்ட நாளிலிருந்து இதே பாட்டுத்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அதுவா எந்திரிச்சுப் போயி காப்பி குடிச்சுச்சா?" என்று கேட்டுவிடுவேன். அதனாலேயே பாதிப் பேர் என் கடைப் பக்கம் வருவதில்லை. வருகிறவர்கள், சுருளிவேல் கை சுத்தம், உள்ளே கிடக்கிற நல்ல சாமானை உருவிக்கொண்டு பழசைச் சொருக மாட்டான் என்ற பேருக்காக வருகிறார்கள். இந்தத் தொழிலில் அந்தப் பேர்தான் முதல். மற்றதெல்லாம் ஸ்க்ரூடிரைவர்தான்.

அனுமந்தன்பட்டி ரூபனும் அந்தப் பேரைக் கேட்டுத்தான் போன் பண்ணினான். குமுளி மலைரோட்டில் பைக்கோடு விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவன். வீல்சேரும் கட்டிலும்தான் அவன் உலகம். படுத்த படுக்கையில் வீடியோ பார்த்துப் பார்த்தே வீட்டுப் பிளான்களை நிஜ வீடு மாதிரி படமாக்கும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தான். வாசலில் நுழைந்து, ஹாலைச் சுற்றி, மாடி ஏறி இறங்கி வருவது போல ஓடும் படம். எறணாகுளத்தில் ஒரு கம்பெனி அவனுக்கு ஒரு வீட்டைக் கொடுத்து, சனிக்கிழமைக்குள் முடித்து அனுப்பு, பிடித்தால் வேலை என்று சொல்லியிருந்தது. அவனிடம் இருந்த பழைய சிஸ்டமோ சுவருக்குப் பெயின்ட் மாற்றினாலே மூச்சு வாங்கியது.

"மதர்போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் புதுசு போட்ருங்கண்ணே. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு. காத்து நல்லாப் போற மாதிரி கேபினெட்."

எல்லாம் வாங்கினேன். மேல்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை போட்ட கேபினெட்டாகப் பார்த்து எடுத்தேன். என் வழக்கம், சாமான்களைக் கடையிலேயே பிரித்து, பெஞ்சில் பூட்டி, ஒரு பகலும் ராவும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவது. வாங்குகிறவர் கண் முன்னால் பெட்டி சீலை உடைத்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அங்கே போய் ஓடாவிட்டால் அவர்களுக்கும் மனசு உடைந்துபோகும். அதனால் நான் முன்னாலேயே உடைத்துவிடுவேன். அதுவரை யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அவன் வீட்டுக்குக் கொண்டுபோனபோது, கிராபிக்ஸ் கார்டை மட்டும் தன் கையாலேயே மாட்ட வேண்டும் என்றான் ரூபன். கேபினெட்டைப் படுக்கப்போட்டு அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தேன். இரண்டு கையாலும் கார்டைப் பிடித்து, மூச்சை அடக்கி, அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது. அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனை கார்டு மாட்டியிருப்பேன், ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை.

அவன் அம்மா பாக்கியம் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தாள். காப்பி டம்ளரோடு நின்றவள் உள்ளே வரவில்லை.

"அண்ணே, அவுக காப்பி வச்சிருக்காக. வாங்கிக்கங்க" என்றான் ரூபன், திரையைப் பார்த்தபடியே.

அவுக. பெற்ற தாயைச் சொல்கிறான், யாரோ பக்கத்து வீட்டு வாத்தியாரம்மாவைச் சொல்வது போல. எனக்குச் சுருக்கென்றது. கிளம்பும்போது வாசல் கேட் வரை கூட வந்த பாக்கியம் நான் கேட்காமலேயே சொன்னாள். மனசில் கிடந்ததை யாரிடமாவது கொட்டினால் போதும் என்றிருந்தாள் போல.

"புது வண்டி எடுத்தா கோயிலுக்குக் கொண்டுபோயி சாமியார்ட்ட மந்திரிச்சுட்டுத்தான் ஓட்டுவோம் தம்பி. எங்க சனத்துல எல்லாரும் அப்படித்தான். இவன் மட்டும், இரும்புக்கு என்னத்தத் தெரியப்போகுதுன்னு சொல்லிட்டு அன்னைக்கே குமுளிக்கு எடுத்துட்டுப் போயிட்டான். ஆஸ்பத்திரியில அவன் கண்ணு முழிச்சதும் நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மந்திரிச்சுட்டு எடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமாடான்னு கேட்டுட்டேன். அன்னைலருந்து அம்மான்னு கூப்புடுறதில்ல. தீர்த்தம், செபமாலை எதும் என் ரூமுக்குள்ள வந்துச்சுன்னா, மதுரைப் பக்கம் இவன மாதிரி ஆளுகளுக்குன்னு ஒரு விடுதி இருக்காம்ல, அங்கன போயிருவேன்னு சொல்லிப்புட்டான். அவுககிட்டப் போன்லயும் பேசிட்டான். எடம் இருக்காம். சொன்னாச் செஞ்சிருவான் தம்பி."

நான் என்ன சொல்வது? பார்த்துக்கங்கக்கா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. சிஸ்டம் திடீரென்று அணைந்துவிட்டதாம், அப்புறம் உயிரே இல்லையாம். நான் போனபோது ரூபனுக்கு முகமே செத்திருந்தது.

"தூங்கிட்டிருந்தேண்ணே. சிஸ்டம் வீட்டுப் படத்தத் தானா உருவாக்கிட்டிருந்துச்சு, பாதிதான் முடிஞ்சிருந்துச்சு. முழிச்சுப் பாத்தா எல்லாம் ஆஃப். ஒண்ணுமே பண்ணலண்ணே."

வழக்கமான பாட்டுத்தான். அவன் முகத்தைப் பார்த்து என் வழக்கமான பதிலைச் சொல்ல வாய் வரவில்லை. கேபினெட்டோடு தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன்.

ராம், பிராசஸர், கார்டு எல்லாம் பிழைத்திருந்தன. போர்டு மட்டும் போய்விட்டது. விளக்கை அருகில் பிடித்துப் பார்த்தேன். ராம் சொருகும் இடத்தைச் சுற்றியும், கரண்ட் வயர் வந்து சேரும் இடத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. சில இடத்தில் பச்சை பிடித்துக் கருகியிருந்தது. முதலில் பல்லி என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் பாதி போர்டைக் கொல்வது பல்லிதான். ஆனால் பல்லி ஒரு மூலையில் ஒண்ணுக்குப் போகும், மழை பெய்கிற மாதிரி மேலேயிருந்து தெளிக்காது. வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

ஒருவேளை மோர் குடிக்கும்போது சிந்திவிட்டானோ? சிந்திவிட்டு, ஒண்ணும் பண்ணலண்ணே என்று சொல்கிறானா? காது குத்த இவனுக்கு நான்தான் கிடைத்தேனா? நன்றாக நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று கடையை அடைக்கப் போனபோதுதான் பாக்கியம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து படியிலேயே நின்றாள்.

"எதனால போச்சுன்னு தெரிஞ்சிருச்சா தம்பி?"

"உப்புத் தண்ணியாலக்கா. ஒங்க மகன் மோரக் கொட்டிருக்கான்."

அவள் ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"அவன் இல்ல. நாந்தான்."

அப்புறம் எல்லாம் வந்தது. மகன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான். மெஷினிலிருந்து காற்று உஸ்ஸென்று வந்துகொண்டிருந்திருக்கிறது, உள்ளே கலர் கலராக விளக்கு. பைக்கை மந்திரிக்காமல் விட்ட மாதிரி இதையும் விட்டுவிடக் கூடாது என்று அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கிறது. சீசாவைச் சேலையில் மறைத்துக்கொண்டு உள்ளே போய், பிதா சுதன் பேரைச் சொல்லி மேலே தெளித்திருக்கிறாள். சல்லடை மாதிரி ஓட்டை போட்ட கேபினெட். நான் தேடித் தேடி வாங்கியது.

"டப்புன்னு ஒரு சத்தம். வெளக்கெல்லாம் போயிருச்சு. நான் அப்படியே வெளிய வந்துட்டேன்."

"தீர்த்தம்னா சும்மா தண்ணிதானக்கா? இது உப்பால்ல இருக்கு?"

"சாமியார் உப்பையும் மந்திரிச்சுத் தண்ணியில போட்டுத்தான் குடுப்பாக தம்பி. கெடாம இருக்கும்ல."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. வெறும் தண்ணீராக இருந்தால்கூட, அணைத்துக் காயவைத்து ஏதாவது பண்ணியிருக்கலாம். "ஓடுற மெஷின்ல உப்புத் தண்ணியத் தெளிச்சா அது என்னக்கா ஆகும்? கரண்டு அடுப்புல ஊத்துவீகளா? டிவியில ஊத்துவீகளா? அந்தப் பய கை தொட்டு மாட்டுன மெஷின்க்கா அது!" என்று கத்திவிட்டேன். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அவன்ட்டச் சொல்லிறாதீக தம்பி" என்றாள் கடைசியில். "தெரிஞ்சா மதுரைக்குப் போயிருவான். மூஞ்சியக் குடுத்துப் பேசாட்டியும் பக்கத்து ரூம்ல இருக்கான்ல. ராத்திரி இருமுனா எனக்குக் கேக்குது. அது போதும் எனக்கு."

நான் என்ன கல்லா? போர்டு தானாகப் போய்விட்டது என்று சொல்லிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். புது சாமான் இரண்டு நாளில் செத்துப்போவது உலகத்தில் நடக்காத ஒன்றா? பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பது அப்போது தெரியவில்லை.

புதுப் போர்டு மதுரையிலிருந்து வரச் சனிக்கிழமை தாண்டிவிடும். கடையில் பில் போடும் என் சிஸ்டத்தில் அதே ரகப் போர்டு கிடந்தது. அதைக் கழற்றி அவனுடையதில் பூட்டினேன். சல்லடைக்கு மேலே அட்டை ஒன்றைத் தூக்கி நிறுத்தி, காற்றுப் போகவும் வழி விட்டு, யார் என்ன தெளித்தாலும் உள்ளே இறங்காதபடி பண்ணினேன். வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுபோய் வைத்ததும் ஓடியது. ரூபன் விட்ட இடத்திலிருந்து படத்தை ஓடவிட்டான். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னாச்சுண்ணே போர்டுக்கு?"

"சில பீஸ் அப்படி வந்துரும் தம்பி. தானாப் போயிருச்சு."

"அப்ப வாரண்டி இருக்குல்ல. புதுசாவே மாத்திக் குடுப்பாங்கல்ல. நீங்க எதுக்கு ஒங்க போர்டப் போடணும்?"

"அவுக மாத்திக் குடுக்க நாளாகும். ஒனக்கு அவசரம்ல."

"சரி, அந்தப் போர்டக் குடுங்க. பெட்டியில நம்பர் இருக்கும்ல, நானே கம்பெனிக்கு எழுதி அனுப்புறேன்."

எப்படிக் கொடுப்பேன்? பார்த்த மாத்திரத்தில் தண்ணீர் பட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதை அவன் பெயருக்கே எழுதியும் அனுப்புவார்கள். அறைக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இவன் யோசிக்க ஆரம்பித்தால் நேரே அம்மாவிடம் போய்த்தான் நிற்பான்.

"கடையில கெடக்கு தம்பி. நான் பாத்துக்கிறேன்."

"பெட்டி?"

"அதும் அங்கனதான் கெடக்கு."

ரூபன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். பொய் சொல்லும் வாடிக்கையாளரை நான் பார்க்கிற பார்வை. "நீங்க போர்டக் கொண்டாந்தப்பவே பெட்டியிலருந்து பிரிச்சுத்தான்ணே இருந்துச்சு" என்றான். குரலில் கோபம் இல்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்ற பாக்கியம் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் முழுக்க அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. படத்தை அனுப்பினானா, வேலை கிடைத்ததா என்று கேட்டுச் செய்தி போட்டேன். பார்த்தான், பதில் இல்லை. கம்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜான் பீட்டரிடமிருந்துதான் போன் வந்தது. அவர் ஸ்டூடியோ சிஸ்டங்கள் எல்லாவற்றையும் உள்ளே புதுசாக மாற்றித்தர என்னிடம்தான் சொல்லிவைத்திருந்தார்.

"அந்த வேலைய மதுரையிலயே பாத்துக்கிறோம் சுருளி. தப்பா நெனைக்காதீக."

"ஏன், என்ன கொறை வந்துச்சு?"

அவர் இழுத்தார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். "ரூபன் நம்ம பையன்தான், பொய் சொல்ல மாட்டான். பழைய போர்டப் புதுசுன்னு வச்சுட்டாகன்னு சொல்றான். கேட்டா போர்டக் காட்ட மாட்டேங்குறாகன்னு சொல்றான். நாலு பேரு வேல பாக்குற எடத்துல இதெல்லாம் வேணாம் சுருளி."

போனை வைத்துவிட்டு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ரூபனைத் திட்டினேன், பாக்கியத்தைத் திட்டினேன், உப்பைத் திட்டினேன். ஒரு பேரைச் சம்பாதிக்க எத்தனை வெயில் அலைந்திருப்பேன், எத்தனை வீட்டில் தரையில் குப்புறப் படுத்து வயர் மாட்டியிருப்பேன். ஒரு தகப்பன் செத்த வீட்டில்கூட, கெட்டுப்போன கம்ப்யூட்டரிலிருந்து அவர் போட்டோவெல்லாம் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். எனக்குத் திருட்டுப் பட்டம். போதும், இனி யாருக்காகவும் வாயை மூட முடியாது. செத்த போர்டைப் பெட்டியோடு பைக்குள் போட்டேன். வெள்ளைப் பொட்டைக் காட்டுவேன், வேண்டுமானால் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். அம்மாவும் மகனும் அப்புறம் என்னமும் பண்ணிக்கொள்ளட்டும் என்று வண்டியை முறுக்கினேன். ரோட்டோரத் திராட்சைப் பந்தலில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த ஆள் ஒருத்தர் கை தூக்கினார். அவருக்கும் சேதி தெரிந்திருக்குமோ என்று நினைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. இரண்டு குரல். நின்றுவிட்டேன்.

"பேரு மட்டும் கை சுத்தமாம். எங்கிட்டயும் எப்படிப் பேசுனாரு தெரியுமா? கடைக்குப் போனவளப் பத்துப் பேர் பாக்க வச்சுத் திட்டுறாரு" என்றாள் பாக்கியம்.

"நீங்க எதுக்கு அங்கன போனீக?" ரூபன் சிரித்தான். "என்ன திட்டுனாரு, சொல்லுங்க."

"கரண்டு அடுப்புல தண்ணி ஊத்துவீகளான்னு கேக்குறாரு. நான் என்ன சின்னப் புள்ளையா?"

ரூபன் இன்னும் சத்தமாகச் சிரித்தான். நான் கதவைத் தள்ளினேன்.

பாக்கியம் அறைக்குள் இருந்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம், மகனின் கட்டில் ஓரத்தில், சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரூபன் வேலை செய்துகொண்டே அவ்வப்போது தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருப்பான் போல. திரையில் ஒரு வீடு வாசலைத் திறந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கண் என் பையின் மேல் விழுந்தது.

"வாங்கண்ணே" என்றான் ரூபன். "எறணாகுளத்து வேலை கெடச்சிருச்சு. அந்த வகையில ஒங்களுக்கு நன்றி சொல்லணும். எனக்குக் கோவம்லாம் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். போர்டு கொண்டாந்தீகளா?"

பையைக் கீழே வைத்து ஜிப்பைத் திறந்தேன். பெட்டியின் மூலை வெளியே தெரிந்தது. பாக்கியம் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வருகிற மாதிரி. கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்கு எரிச்சல் வந்திருக்கும், சொல்லியிருப்பேன். அவள் மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்கிற மாதிரி.

என்னைத் திட்டத்தான் இரண்டு பேரும் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டில் பேச்சு வருவதற்கு என் பேர்தானா கிடைத்தது?

"சொல்லுங்கண்ணே. பழசா, புதுசா?"

"பழசுதான்" என்றேன்.

ரூபன் தலையை ஆட்டிக்கொண்டான். முகத்தில் ஜெயித்த களை ஒன்றும் இல்லை. அவனுக்கு என்னைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதைக் கேட்பது அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

பாக்கியத்துக்கு மூச்சு வந்தது. வந்த வேகத்தில் நாக்கும் வந்தது. "பாத்தியா? நான் சொன்னேன்ல! ஊனமான புள்ளைன்னுகூட இரக்கம் இல்லாம பழசக் கொண்டாந்து வச்சுட்டுப் போயிருக்காரு. எத்தன வீட்ல இப்படிப் பண்ணிருக்காரோ! நீங்கள்லாம் நல்லாருப்பீகளா?" கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. நடிப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வியை அவள் என் முகத்துக்கு நேரே கேட்டபோது, அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாளோ என்று இருந்தது.

"அம்மா, விடும்மா" என்றான் ரூபன். "போகட்டும்."

அவள் வாய் திறந்தபடி நின்றுபோனது. அடுத்துத் திட்ட வந்தது என்னவென்று மறந்துவிட்டது. தட்டு மடியில் சாய்ந்து சோறு சேலையெல்லாம் கொட்டியது, அதைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா என்று கூப்பிட்டதை ரூபன் கவனிக்கவே இல்லை. மவுஸை நகர்த்தி வீட்டின் கதவை மறுபடி திறந்துகொண்டிருந்தான்.

நான் பை ஜிப்பை இழுத்து மூடினேன். வெளியே வந்து செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அந்தப் போர்டை எடுத்து அவன் மடியில் போட்டிருப்பேன்.